பி.எச்.டி. சேரும் முன்: யோங் பெங் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கம்

1981க்கு முன்பு ஜொகூர் செம்பனைத் தோட்டங்களில் இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட்டிராத ஒரு வேலை இருந்தது. ஆண் பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, டால்க் மாவுடன் கலந்து, ஊதுகுப்பியில் அடைத்துக்கொண்டு மரம் மரமாகப் போக வேண்டும். மட்டைகளுக்கு நடுவே முள்ளோடு மறைந்திருக்கும் பெண் பூக்குலையைத் தேடிப் பிடித்து அதன்மேல் ஊத வேண்டும். ஊதாவிட்டால் குலையில் காய் சரியாகப் பிடிக்காது. தோட்ட நிர்வாகங்களுக்கு இது பெரிய கூலிச் செலவு. ஆனாலும் யாரும் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. செம்பனையின் மகரந்தம் காற்றில் பரவுகிறது என்றுதான் அப்போது நம்பிக்கொண்டிருந்தார்கள். இந்த மண்ணில் காற்று கைகொடுக்கவில்லை, மனிதன் கைகொடுக்க வேண்டியதுதான் என்று விட்டுவிட்டார்கள்.

யூனிலீவர் நிறுவனத்தின் தோட்ட நிர்வாகியாக இருந்த லெஸ்லி டேவிட்சன் மலேசியாவிலும் வேலை பார்த்தவர், கேமரூனிலும் பார்த்தவர். அங்கே யாரும் குப்பியோடு அலையவில்லை, குலையோ காய்த்துத் தள்ளியது. அந்தப் பூக்களில் மொய்த்த சின்ன வண்டுகள் அவர் கண்ணை விட்டு அகலவில்லை. ஆனால் கண்ணில் பட்டதை நிரூபிக்க ஆள் வேண்டுமே. பூச்சியியலாளர் ரகுமான் சையத் கேமரூனுக்குப் போய், செம்பனைப் பூவுக்கு வரும் பூச்சிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். எலேயிடோபியஸ் கமேரூனிகஸ் என்னும் கூன்வண்டு ஆண் பூவில் முட்டையிட்டு அதையே தின்று வளர்கிறது, சோம்பு மாதிரி ஒரு வாசனையைப் பிடித்து வருகிறது, அதே வாசனை லேசாகப் பெண் பூவிலும் அடிப்பதால் அங்கேயும் மகரந்தத்தோடு போய் இறங்குகிறது என்பதெல்லாம் தெரியவந்தது. உடனே கொண்டுவந்து விட்டுவிடவில்லை. இந்த வண்டு மற்ற பயிர்களைத் தின்னுமா, கூடவே நோயோ ஒட்டுண்ணியோ வருமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் தீர்த்த பிறகுதான், 1981 பிப்ரவரியில் குளுவாங் வட்டாரத்து மாமோர் தோட்டத்தில் அவிழ்த்துவிட்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஊதுகுப்பிக்கு வேலையே இல்லாமல் போனது.

யோங் பெங்கிலிருந்து குளுவாங் எட்டும் தூரம்தான். நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் அறிவியலில் பி.எச்.டி. செய்யலாமா என்று கேட்டால் நான் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஏனென்றால் முனைவர் படிப்பு என்பது இந்தக் கதையின் நடுப்பகுதி. முதலில் வரும் பளிச்சென்ற எண்ணமும் கடைசியில் வரும் பாராட்டும் கொஞ்ச நேரத்து விஷயங்கள். வண்டு வேறு பயிரைத் தின்னுமா என்று ஒவ்வொரு செடியாக வைத்து, பெரும்பாலும் ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டே போகும் அந்த வேலைதான் வருடக் கணக்கில் நீளும். அந்த வேலை பிடிக்குமா என்பதை இளங்கலையில் எடுத்த மதிப்பெண் சொல்லாது. இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தை எப்படிச் செய்தீர்கள் என்று திரும்பிப் பாருங்கள். பாதியில் சலித்துப்போய் அறிக்கையை மட்டும் ஒப்பேற்றினீர்களா, கணக்கு ஒத்துவராத அன்று தூக்கம் வராமல் மறுபடி ஆய்வகத்துக்கு ஓடினீர்களா? இரண்டாவது வகை என்றால் மேலே படியுங்கள்.

மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் முனைவர் பட்டம் எட்டாம் நிலை, அதற்கு மேல் படி கிடையாது. அறிவியல் துறைகளில் இங்கே பெரும்பாலும் முழுக்க ஆய்வு வழியிலேயே நடக்கிறது. பாடம் கேட்டுப் பரீட்சை எழுதும் படிப்பு என்று நினைத்து வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே திகைத்துப்போவதற்கு அதுதான் காரணம். கால அட்டவணை இல்லை, அடுத்து என்ன என்று சொல்ல ஆளும் இல்லை. ஆய்வு முன்மொழிவை ஒரு குழுவின் முன் வைத்து வாதாட வேண்டும், ஒவ்வொரு பருவமும் முன்னேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும், கடைசியில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து உள், வெளித் தேர்வாளர்கள் முன் ‘வைவா’ என்கிற வாய்மொழித் தேர்வில் உட்கார வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் தரவரிசைப் பட்டியலில் உள்ள ஆய்விதழ்களில் கட்டுரையும் வெளிவந்திருக்க வேண்டும் என்கின்றன. காகிதத்தில் முழுநேரப் படிப்பு மூன்று ஆண்டு. நடப்பில் நான்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தானாலும் அதிசயமில்லை.

சேர்வதற்குப் பொதுவாக முதுகலை வேண்டும். இளங்கலையில் முதல் வகுப்பு, அதாவது 3.67 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களுக்குக் குறுக்குவழி உண்டு. ஆய்வு வழி முதுகலையில் பதிந்து, வேலை நன்றாகப் போனால் அதையே முனைவர் படிப்பாக மாற்றிக்கொள்ளலாம், அல்லது நேராகவே சேரலாம். விதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். குறுக்குவழி கிடைக்கிறதே என்று எல்லாரும் பாய வேண்டியதில்லை. ஆய்வகத்தில் அதிகம் கைபழகாதவருக்கு முதுகலையின் இரண்டு ஆண்டு வீண் இல்லை. ஆய்வு பிடிக்கவில்லை என்றால் கௌரவமாக முதுகலைப் பட்டத்தோடு வெளியேறவும் வாசல் இருக்கிறது.

இனி எதை ஆராய்வது. இங்கேதான் விண்ணப்பதாரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ‘செம்பனை நோய் பற்றி ஆய்வு செய்யப்போகிறேன்’ என்பது துறை, கேள்வி ஆகாது. நம்மூர் தோட்டத்துக் கங்காணிக்கும் தெரிந்த நோயையே எடுத்துக்கொள்வோம். கேனோடெர்மா போனினென்ஸ் என்னும் பூஞ்சை மரத்தின் அடித்தண்டை அழுகச் செய்கிறது. குருத்து விரியாமல் நிற்கும், கீழ் மட்டைகள் தொங்கும், ஒரு நாள் மரம் சாயும். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்து வெளியே தெரியும்போது உள்ளே பெரும்பகுதி போயிருக்கும். இன்றுவரை குணப்படுத்தும் மருந்து இல்லை. வயதான மரத்து நோய் என்று நினைத்திருந்தது, மறுநடவு செய்த நிலங்களில் இளமரங்களையும் பிடிக்கிறது. இது ஒரு மனிதன் நான்கு ஆண்டில் தீர்க்கும் பிரச்சினை அல்ல. ஆனால் இதற்குள் நான்கு ஆண்டில் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் ஏராளம். காளான் வெளியே தெரிவதற்கு எத்தனை மாதம் முன்பு வேர் மண்ணில் அந்தப் பூஞ்சையின் மரபணுவைக் கண்டுபிடிக்க முடியும்? கரி மண்ணிலும் களிமண்ணிலும் அந்த இடைவெளி ஒன்றா? டிரைக்கோடெர்மா போன்ற எதிர்ப்பூஞ்சையைக் கன்று நடும்போதே குழியில் போட்டால் எத்தனை காலம் உயிரோடு இருக்கும்? இப்படிக் கேட்கும்போதுதான் எந்தக் கருவி வேண்டும், எத்தனை மாதிரி வேண்டும், எந்தத் தோட்டத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

செம்பனை ஓர் உதாரணம்தான். யோங் பெங்கைச் சுற்றிக் கேள்விக்குப் பஞ்சமில்லை. 2023 மார்ச்சில் இந்த வட்டாரமும் பத்து பகாட்டும் வாரக்கணக்கில் தண்ணீரில் நின்றதே, அதில் நீரியல் இருக்கிறது, மண் இருக்கிறது, நோய்ப்பரவல் இருக்கிறது. பாரிட் ராஜா பக்கத்து மென்மண்ணில் சாலையும் கட்டடமும் அமிழ்வதைப் பற்றித் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வு மையமே வைத்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பிரச்சினையைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கருந்துளையில் ஆர்வம் இருந்தால் கருந்துளைக்கே போங்கள். ஒன்று மட்டும்: எடுத்த தலைப்பு ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து வருடக்கணக்கில் முடிவெடுக்காமல் இருக்காதீர்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976இல் ஓஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு உயிரியல் படிக்க சான் டியேகோவில் மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தார். 2009இல் அவருக்கு நோபல் கிடைத்தது வேதியியலில்.

கேள்வியைவிட முக்கியமானவர் மேற்பார்வையாளர். என் கணிப்பில் தயாரிப்பில் பாதி இவரைத் தேர்ந்தெடுப்பதுதான். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பித்துவிட்டு, பிறகு யார் கிடைக்கிறாரோ அவர் என்று போகிறவர்களை நிறையப் பார்க்கிறோம். வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் கடந்த நான்கைந்து ஆண்டில் என்ன எழுதியிருக்கிறார், முதல் பெயராக மாணவர்கள் இருக்கிறார்களா, எப்போதும் அவரே முன்னால் நிற்கிறாரா? அவரிடம் சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள்? இதை அவரிடம் கேட்காதீர்கள், அவருடைய மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள். கேண்டீனில் ஒரு தே தாரே வாங்கிக் கொடுத்தால் இணையதளத்தில் இல்லாத எல்லாமே வெளியே வரும். அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டாய ஓய்வு 60 வயதில். 58 வயதுப் பேராசிரியரிடம் சேரலாம், தப்பில்லை, ஆனால் அவர் போனபிறகு யார் என்பதை முதல் நாளே பேசி, இணை மேற்பார்வையாளரை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அவருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் தங்கள் மேலான வழிகாட்டுதலில் முனைவர் பட்டம் பெற மிகவும் ஆவலாக உள்ளேன், என் சான்றிதழ்களை இணைத்துள்ளேன். மரியாதைக்குக் குறைவில்லை, விஷயம்தான் இல்லை. பெயரை மாற்றினால் யாருக்கும் அனுப்பலாம் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். இப்படி எழுதிப் பாருங்கள்: சென்ற ஆண்டு வெளிவந்த உங்கள் கட்டுரையில் மண் மாதிரியை மரத்திலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்திருக்கிறீர்கள், வேர் பரவும் தூரத்தைப் பார்த்தால் இன்னும் தள்ளி எடுத்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று தோன்றியது, என் இறுதியாண்டுத் திட்டத்தில் பி.சி.ஆர். சோதனை செய்து பழக்கம் உண்டு. அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா? ஆறேழு வரி போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதற்கும் இல்லையென்றால் அடுத்தவர். மனத்தாங்கல் வேண்டாம், அவர்களின் பெட்டி நிரம்பி வழிகிறது.

பணம். வீட்டில் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான், நியாயமான கேள்வி. உள்ளூரில் அதிகம் கிடைப்பது ஆய்வு உதவியாளர் வேலை. மேற்பார்வையாளர் கையில் உள்ள ஆய்வு மானியத்திலிருந்து மாதச் சம்பளம் மாதிரி கொடுப்பார்கள். இதில் பலருக்குத் தெரியாமல் போகும் ஒரு சிக்கல் இருக்கிறது. உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். என்னும் அடிப்படை ஆய்வு மானியம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. நீங்கள் சேரும்போது அதில் ஒரு வருடம் ஓடியிருந்தால் உங்களுக்கு மிச்சம் இரண்டு. படிப்போ நான்கு ஆண்டு. ஆகவே, மாதம் எவ்வளவு என்பதை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். மானியம் எந்த மாதம் முடிகிறது, அதன்பிறகு என்ன ஏற்பாடு, கல்விக் கட்டணம் இதில் சேர்ந்ததா என்ற மூன்றையும் கேளுங்கள். கேட்பது அநாகரிகம் என்று நம் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கலாம். இந்த இடத்தில் கேட்காமல் இருப்பதுதான் பிறகு இரு பக்கமும் கசப்பாகும்.

அரசின் மைபிரெய்ன் உதவித்தொகையைச் சில ஆண்டு நிறுத்தியிருந்து மீண்டும் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருப்பதால் அமைச்சின் தளத்திலேயே பாருங்கள், வாட்சாப்பில் சுற்றும் படங்களை நம்ப வேண்டாம். ஆசிரியராக இருப்பவர்களுக்குக் கூட்டரசுப் பயிற்சிப் பரிசு வழியாக விடுப்பில் போய்ப் படிக்க வாய்ப்பு உண்டு. பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்வது கல்வியியலில் சரிப்படும். ஆய்வகத்தில் காளான் வளர்ப்பவருக்கு அது வெகு சிரமம். பூஞ்சை பள்ளி விடுமுறைக்குக் காத்திருந்து வளராது. பி.டி.பி.டி.என். கடன் இருப்பவர்கள் மேல்படிப்புக் காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம். முதல் வகுப்பில் தேறியவர்கள் நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலக்குக்கே விண்ணப்பிக்கலாம். கடன் பத்திரத்தைத் தேடி எடுத்து வையுங்கள்.

பக்கத்திலேயே சிங்கப்பூர் இருக்கிறது. நம்மூர்ப் பட்டதாரிகளுக்கு அது ஆலை வேலைக்கான ஊராகவே மனதில் பதிந்திருக்கிறது. அங்கே சிங்கா என்ற பட்டதாரி விருது உள்ளது, வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே ஏற்படுத்தியது. கட்டணத்தையும் நான்கு ஆண்டு வரை மாத உதவித்தொகையையும் தருகிறது. அங்கே பாடங்களும் தகுதித் தேர்வும் உண்டு. அமெரிக்காவில் இளங்கலை முடித்தவுடனே நேராக முனைவர் படிப்பில் சேரலாம். முதல் ஓரிரு ஆண்டு பாடம், பிறகு ஆய்வு, மொத்தம் ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். கற்பித்தல் உதவியாளராக வேலை செய்தால் கட்டணம் கழிந்து கையிலும் கொஞ்சம் நிற்கும். ஜப்பானின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு முன்பே தொடங்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் எழுதப்போகும் விரிவுரையாளரைக் கடைசி வாரத்தில் நெருக்கினால், அவர் எழுதும் கடிதமும் கடைசி வாரக் கடிதமாகவே இருக்கும்.

உள்ளூர் என்றால் தூரம் அதிகமில்லை. பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம், ஆயர் ஈத்தாம் வழியே அரை மணி நேரச் சவாரி. அதன் அறிவியல் புலம் இருப்பது வடக்கே பாகோ வளாகத்தில் என்பதை மறந்து பாரிட் ராஜாவில் போய் நிற்காதீர்கள். தெற்கே ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். செம்பனைக்கு என்றால் பாங்கியில் தலைமையகம் வைத்திருக்கும் செம்பனை எண்ணெய் வாரியத்தோடு கூட்டாக ஆய்வு செய்யும் பேராசிரியர்களைத் தேடுங்கள். மாதிரிக்கும் நிலத்துக்கும் அலைய வேண்டியிருக்காது.

இடம் உறுதியானபிறகு சேரும் நாள் வரை சில மாதம் கையில் இருக்கும். இந்தக் காலத்தை வீணாக்காமல் மூன்று வேலை செய்யலாம்.

புள்ளியியலைத் தூசு தட்டுங்கள். ஆர் என்னும் மென்பொருள் இலவசம், வீட்டுக் கணினியே போதும். கற்கும்போது வாய்பாட்டைவிட மாதிரி எடுப்பதைக் கூர்ந்து கவனியுங்கள். ஒரே பிளாக்கில் முப்பது மரத்தை எடுத்து ‘முப்பது மாதிரி’ என்று எழுதுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அந்த முப்பது மரத்துக்கும் ஒரே மண், ஒரே உரம், ஒரே வடிகால். மண்ணைப் பற்றிய கேள்விக்கு அது முப்பது ஆகாது, ஒன்றுதான். இதைச் சேரும் முன்பே புரிந்துகொண்டவருக்கு ஓராண்டுக் களப்பணி மிச்சம். வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்டுத்தான் தெரிந்துகொள்வது கொடுமை.

கட்டுரை படிக்கப் பழகுங்கள். தலைப்பிலிருந்து வரி வரியாகப் படித்தால் இரண்டாம் பக்கத்தில் கண் சொருகும். முதலில் படங்களையும் அட்டவணைகளையும் பாருங்கள், பிறகு செய்முறைப் பகுதிக்குப் போங்கள். செய்முறை முடிந்ததும் மூடிவைத்து, இதற்கு என்ன முடிவு வரும் என்று நீங்களே எழுதிப் பார்த்துவிட்டுத் திறங்கள். வாரத்துக்கு இரண்டு போதும். படித்ததைச் சோத்தேரோ போன்ற இலவச மென்பொருளில் குறிப்போடு சேர்த்து வையுங்கள். மூன்றாம் ஆண்டில் ஆய்வேடு எழுதும்போது அந்தக் குறிப்புக்கு மதிப்பு தெரியும். ஆங்கிலத்தில் எழுதுவதும் இப்படியே வர வேண்டும். மலாயிலும் ஆய்வேடு எழுதலாம், ஆனால் ஆய்விதழ்களில் பெரும்பாலானவை ஆங்கிலம்.

மூன்றாவது, ஆய்வகக் குறிப்பேடு. தேதி, நேரம், என்ன ஊற்றினேன், எவ்வளவு, எந்தப் புட்டியிலிருந்து, என்ன வந்தது. மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்து ஜெல்லை விளக்கடியில் பார்க்கிறீர்கள், உங்கள் மாதிரி எதிலும் கோடு இல்லை. அதே ஜெல்லில் ஏற்கெனவே கேனோடெர்மா இருப்பது உறுதியான மாதிரிக்கென்று ஒரு குழி ஒதுக்கியிருந்தால், அதிலாவது கோடு வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். வந்திருந்தால் உங்கள் மண்ணில் பூஞ்சை இல்லாமலிருக்கலாம், அல்லது கண்டுபிடிக்கும் அளவுக்கு இல்லாமலிருக்கலாம். அதிலும் வரவில்லையென்றால் சோதனையே நடக்கவில்லை. வெப்பநிலையா, வேதிப்பொருள் பழசா என்று நேற்றைய பக்கத்தைப் புரட்ட வேண்டும். எழுதாதவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார். இப்படிக் கோடில்லாத ஜெல்கள் வரிசையாக வரும் மாதங்கள் எல்லாருக்கும் உண்டு. அவற்றைத் தன் திறமையின் அளவுகோலாக எடுத்துக்கொண்டு ஒதுங்கிப்போகிறவர்கள்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அதனால் ஆய்வகத்துக்கு வெளியே இரண்டு மூன்று பேராவது வேண்டும்: பேட்மிண்டன் கூட்டாளிகளோ, கோயில் நண்பர்களோ, யாராயினும் சரி.

வீட்டாருக்கும் தயாரிப்பு வேண்டும். தோட்டத்திலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி என்றால், கூடப் படித்தவன் சிங்கப்பூரில் சம்பாதித்துக் காடி வாங்கிவிட்டான், இவன் இன்னும் மாணவன் என்ற கணக்கு எல்லார் மனதிலும் ஓடும். தீபாவளிக்கு வரும் மாமா ‘இன்னும் படிக்கிறியாப்பா?’ என்று கேட்பார். அவரிடம் கேனோடெர்மாவை விளக்க வேண்டாம். அம்மா அப்பாவிடம் மட்டும் சேரும் முன்பே காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள்: மாதம் இவ்வளவு வரும், இத்தனை வருடம் வரும், வீட்டுக்கு இவ்வளவுதான் தர முடியும், தங்கச்சியின் படிப்புக்கு இவ்வளவு ஒதுக்குகிறேன். எப்போது முடியும் என்று கேட்டால் மூன்று வருடம் என்று சொல்லிவிடாதீர்கள். நாலரை என்று சொல்லுங்கள். நாலில் முடித்தால் சந்தோஷம், நாலரையானாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.